பாறை இடுக்கில் வளரும் பெரணி வீட்டில் வருமா?

கருங்கல்வீடு:
கிருஷ்ணகிரி பக்கம் வீடு. முன்வாசலில் ஒரு பெரிய பாறை, உடைக்க மனசு வராமல் அப்படியே விட்டுவிட்டோம். சுற்றிலும் கள்ளி, கற்றாழை எல்லாம் இருக்கிறது, எனக்குப் பெரணி வேண்டும். நர்சரியில் கேட்டால் இந்த வெயிலில் ஒரு வாரம் தாங்காது என்கிறார்கள். ஆனால் இங்கே மலைப்பக்கம் பாறை விரிசலில் விரல் நீளத்துக்குக் குட்டிப் பனைமரம் மாதிரி விசிறி விசிறியாக ஒன்று நிற்கிறது, கோடையில் சருகாகிச் சுருண்டுவிடும், ஒரு மழை பெய்தால் பச்சையாகிவிடும். அது பெரணிதானா? வீட்டில் வைக்கலாமா?

வேர்த்தூவி:
பெரணியேதான். மயில்சிகை என்பார்கள், ஆக்டினியோப்டெரிஸ் ரேடியேட்டா. ஆப்பிரிக்கா, அரேபியாவிலிருந்து இந்தியா, இலங்கை வரைக்கும் வறண்ட பாறையிலும் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரிலும் வரும். கள்ளி தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிழைக்கிறது, இது சேர்த்து வைப்பதே இல்லை, முழுசாகக் காய்ந்துபோகும், காய்ந்தாலும் செல்கள் சிதையாது, நனைந்ததும் மறுபடி விரியும். அதனால் சருகாகிவிட்டதே என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

இன்னொரு கூட்டம் அலியூரிடாப்டெரிஸ், பழைய புத்தகங்களில் கீலாந்தஸ் என்று இருக்கும். இலைக்கு அடியில் வெள்ளை மாவு பூசியிருக்கும், வெயில் ஏறினால் இலை சுருண்டு அந்த வெள்ளைப் பக்கம் வெளியே வந்துவிடும், வெளிச்சம் பட்டுத் திரும்பிப்போகும். (மலை ஊர்களில் பிள்ளைகள் கையில் அழுத்தி வெள்ளை அச்சுக் குத்துவார்களே, அது அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய வேறு பெரணி. அதற்கு ஈரம் வேண்டும்.)

மொட்டைமாடி_செல்வி:
நடுவதில் மண்ணைவிட இடுக்குதான் முக்கியம். பாறையின் மேல்பக்கம் சுட்டாலும் உள்ளே விரிசலில் வேர் குளிர்ச்சியாக இருக்கும், பெய்த மழையில் கொஞ்சம் அங்கே தங்கும். அதனால் கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த விரிசலாகத் தேடுங்கள், காலை வெயில் பரவாயில்லை. ஆற்றுமணல், பொடி ஜல்லி, கொஞ்சம் இலைமட்கு கலந்து குச்சியால் உள்ளே தள்ளி நட்டுவிட்டு, புதுக் குருத்து வரும்வரை வேர்ப்பக்கம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் குறைத்துவிடலாம். குருத்து கிளம்பும் நடுப்பகுதியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், வெயிலில் சாவதைவிடத் தொட்டியில் இப்படிச் சாவதுதான் அதிகம். தென்னை நார்க் கழிவை நிறையப் போடாதீர்கள், அது ஈரத்தை விடாது.

மலைக்காட்டான்:
செல்வி அக்கா சொல்வது சரி, ஆனால் பாறை மேற்குப் பார்த்து இருந்தால்? சித்திரை மதிய வெயில் நேராக அடிக்கிற வெறும் பாறையில் மயில்சிகையும் புதுசாக வேர் பிடிக்காது. பாறை மேலேதான் வேண்டும், ஓரளவு நிழலும் விழும் என்றால் முடவாட்டுக்கால் வையுங்கள். கொல்லிமலையில் சூப்புக்கு விற்கிறார்களே அந்தக் கிழங்கு, அதுவும் பெரணிதான், ட்ரைனேரியா குவெர்சிஃபோலியா. உண்மையில் கிழங்கு இல்லை, தரையோடு ஊர்கிற தண்டு, மேலே பழுப்பு ரோமம். இரண்டு விதமான இலை வரும், நீளமான பச்சை இலை வறட்சியில் உதிர்ந்துவிடும், அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு இலை உதிராமல் நின்று சருகையும் தூசியையும் பிடித்துத் தனக்கே எருவாக்கிக்கொள்ளும். உயிருள்ள முனையோடு ஒரு துண்டைத் தேங்காய் நாரோடு பாறையில் கட்டிவிட்டால் போதும், புதைக்க வேண்டாம்.

ஒன்று மட்டும், மலையிலிருந்து எதையும் பெயர்த்து வராதீர்கள். காப்புக்காட்டில் அது குற்றம், அதுபோக விரிசலுக்குள் போன வேர் முழுசாக வராது, வீட்டுக்கு வந்து செத்துத்தான் போகும்.

கருங்கல்வீடு:
நன்றி. பாறை கிழக்குப் பார்த்துத்தான் இருக்கிறது, பின்னால் ஒரு வேம்பும் உண்டு. பெயர்க்கக் கூடாது என்றால் மயில்சிகைக்கு எங்கே போவது?

வேர்த்தூவி:
ஸ்போரிலிருந்து, அதாவது பெரணிக்கு விதை மாதிரி இருக்கும் தூளிலிருந்து வளர்க்கலாம். தனியார் தோட்டத்திலோ பழைய வீட்டுச் சுவரிலோ இருந்தால் கேட்டு, முற்றிய இலை ஒன்றிரண்டு மட்டும் வாங்கிக் காகிதத்தில் மடித்து வையுங்கள், பழுப்புத் தூள் உதிரும். வெந்நீர் ஊற்றி ஆறவைத்த மணல்மண்ணில் தூவி, கண்ணாடி மூடி போட்டு நிழலில் விடுங்கள். முதலில் பாசி படிந்தது போலத்தான் தெரியும், சுரண்டிவிடாதீர்கள், அதிலிருந்துதான் செடி வரும். வறட்சி தாங்கும் பெரணியாக இருந்தாலும் இந்தக் கட்டத்தில் காயவிடக் கூடாது. விரிசலுக்கு மாற்றுவதைப் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.