பனிப்போரின் நடுவே பெரியம்மை ஒழிப்பு எப்படிச் சாத்தியமானது?

கேள்வி:
அணு ஆயுதங்களைக் குறிவைத்து எதிரெதிரே நின்ற அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பெரியம்மையை ஒழிப்பதில் மட்டும் கைகோத்தது எப்படி? தலைவர்களிடையே நல்லெண்ணம் இருந்ததா, வேறு காரணம் உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நல்லெண்ணத்தைவிடத் தேவையே பெரிது என்பேன். 1958-இல் மினியாபொலிஸில் கூடிய உலக சுகாதாரப் பேரவையில், சோவியத் சுகாதாரத் துணை அமைச்சர் விக்டர் ஜ்தானோவ்தான் இத்திட்டத்தை முன்மொழிந்தார். தம் நாட்டில் 1930-களிலேயே ஒழிந்துவிட்ட நோய் எல்லை தாண்டி மீண்டும் மீண்டும் நுழைந்ததால், உலகெங்கும் ஒழித்தாலொழிய அவர்களுக்கு நிம்மதி இல்லை. உறையவைத்து உலர்த்திய தடுப்பூசி மருந்தை அவர்கள் கோடிக்கணக்கில் இலவசமாக வழங்கினார்கள். வெப்ப நாடுகளில் குளிர்பெட்டி இல்லாத ஊர்களுக்கும் அது கெடாமல் போய்ச் சேர்ந்தது. 1967-இல் தொடங்கிய தீவிரத் திட்டத்துக்கு டி. ஏ. ஹெண்டர்சன் என்ற அமெரிக்கர் தலைமை தாங்கினார். அமெரிக்காவில் உருவான கவைமுனை ஊசியும் களத்துக்கு வந்தது. அதை மருந்தில் தோய்த்தால் இரு முனைகளுக்கிடையே ஒரு துளி தங்கும். மேற்கையில் பதினைந்து முறை விரைவாகக் குத்தினால் போதும். மருந்தும் முன்பைவிட வெகுவாக மிச்சமானது.

மறுமொழி 2:
இளம்பிள்ளைவாதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய சொட்டு மருந்தின் வைரஸ் வகைகள் மாஸ்கோவில் சோவியத் ஆய்வாளர் மிகயில் சுமகோவிடம் சென்றன. 1959-இல் அங்கே இலட்சக்கணக்கான குழந்தைகளுக்கு அது கொடுக்கப்பட்டுப் பயன் உறுதியான பிறகே அமெரிக்கா உரிமம் அளித்தது.

மறுமொழி 3:
மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே சோவியத் அரசு பெரியம்மை வைரஸை இரகசியமாக ஆயுதமாக்கிக்கொண்டிருந்ததை, அந்த ஆயுதத் திட்டத்தில் பணிபுரிந்தவர்களே பின்னர் வெளிப்படுத்தினார்கள். இதை எப்படி நம்பிக்கை என்பது?

மறுமொழி 1 எழுதியவர்:
உங்கள் கேள்வி நியாயமானது. அந்த வஞ்சகம் என்னை இன்றும் உறுத்துகிறது. ஆனால், ஒழிப்புப் பணி ஒருவர் சொல்லை மற்றவர் நம்புவதைச் சார்ந்திருக்கவில்லை. கொப்புளமும் தடுப்பூசித் தழும்பும் கண்ணுக்குத் தெரிபவை; எந்த நாட்டு ஆய்வாளரும் வீடுவீடாகச் சென்று சரிபார்க்க முடிந்தது. 1977-இல் சோமாலியாவில் இயற்கையாகப் பரவிய கடைசித் தொற்று கண்டறியப்பட்ட பிறகும், பன்னாட்டுக் குழுக்கள் நாடுநாடாக ஆராய்ந்த பின்னரே 1980 மே மாதத்தில் ஒழிப்பு அறிவிக்கப்பட்டது. எஞ்சிய வைரஸ் இருப்பு அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கொல்த்சோவோவிலும் மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளது; உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழுக்கள் இரண்டையும் பார்வையிட்டு வந்துள்ளன. இரு தரப்பும் ஏற்ற அந்த நடுநிலை அமைப்பிலிருந்து விலகுவதாக 2025 ஜனவரியில் அமெரிக்கா அறிவித்ததுதான் எனக்குப் பெருங்கவலை அளிக்கிறது.