பிளேஆஃப் கூடுதல் நேரம்: டாஸ் வென்ற அணி பந்தை முதலில் வாங்குவது சரியா?

வினா: கெஜக்கோல்

வணக்கம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்.எஃப்.எல்.-இன் அணி உரிமையாளர்கள் 29-3 என்ற வாக்குக் கணக்கில் ஒரு விதியை மாற்றினார்கள். பிளேஆஃப் (பருவ முடிவின் வெளியேற்றச் சுற்று) ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றால், முதலில் பந்தைப் பெறும் அணி டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் 6 புள்ளி பெறுவது) எடுத்தாலும் ஆட்டம் முடிந்துவிடாது. எதிரணிக்கும் ஒரு முறை பந்து கிடைத்தாக வேண்டும். அதற்குப் பிறகும் புள்ளிகள் சமமாக இருந்தால், அடுத்துப் புள்ளி எடுக்கும் அணி வென்றதாகும்.

இந்த விதி முதன்முதலில் செயலுக்கு வந்தது 2024 பிப்ரவரியில் லாஸ் வேகஸில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில்தான். அன்று டாஸை வென்ற சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் பந்தை முதலில் வாங்கிக்கொண்டு, ஒரு ஃபீல்ட் கோலோடு (கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துப் பெறும் 3 புள்ளி) நின்று, கான்சாஸ் சிட்டி சீஃப்ஸிடம் 25-22 என்று தோற்றது. கிரிக்கெட்டில் இலக்கு தெரிந்து துரத்துபவருக்கு உள்ள வசதி இங்கே இரண்டாவதாக ஆடுபவருக்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியிருக்க, பயிற்சியாளர் கைல் ஷானஹன் அந்த வசதியை ஏன் எதிரணிக்கு விட்டுக்கொடுத்தார்? இந்த மாற்றம் டாஸின் அநீதியை நீக்கியதா, அல்லது அதைப் பக்கம் மாற்றி வைத்ததா?

மறுமொழி: பின்வரிசை

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முந்தைய விதிகளிலிருந்து வர வேண்டும். பழைய முறையில் கூடுதல் நேரத்தில் யார் முதலில் எந்தப் புள்ளி எடுத்தாலும் ஆட்டம் முடிந்தது. 2010 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் டாஸை வென்று, முதல் வாய்ப்பிலேயே 40 கெஜ ஃபீல்ட் கோல் அடித்து மினசோட்டா வைக்கிங்ஸை வெளியேற்றியபோது எழுந்த முணுமுணுப்பில், முதல் வாய்ப்பில் ஃபீல்ட் கோல் மட்டும் போதாது, டச்டவுன் எடுத்தால்தான் உடனடி வெற்றி என்று பிளேஆஃபுக்கு விதி செய்தார்கள். அது அரைகுறைத் தீர்வு என்பது என் கருத்து. அந்த விதியின் கீழ் நடந்த 12 பிளேஆஃப் கூடுதல் நேர ஆட்டங்களில் 10-இல் டாஸ் வென்ற அணியே வென்றது. அவற்றில் 7 முதல் வாய்ப்பிலேயே முடிந்தன.

2022 ஜனவரி 23 அன்று நடந்ததை இன்னும் யாரும் மறக்கவில்லை. பஃபலோ பில்ஸ் 36-33 என்று முன்னிலையில் இருக்க, மீதமிருந்தது 13 விநாடி. சீஃப்ஸின் பந்து எறியும் வீரர் பேட்ரிக் மஹோம்ஸ் அதற்குள் இரண்டு பாஸ்களில் 44 கெஜம் நகர்த்த, ஹாரிசன் பட்கர் 49 கெஜ உதையில் சமன் செய்தார். கூடுதல் நேர டாஸில் பில்ஸின் ஜாஷ் ஆலன் பூ கேட்டார், தலை விழுந்தது. சீஃப்ஸ் 75 கெஜம் சென்று டிராவிஸ் கெல்சி மூலம் டச்டவுன் எடுத்தது. அன்று நான்கு டச்டவுன் பாஸ் வீசியிருந்த ஆலன், கூடுதல் நேரத்தில் பந்தைத் தொடவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், 2019 ஜனவரியில் இதே விதத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் தோற்ற சீஃப்ஸ்தான் விதியை மாற்றச் சொல்லி அப்போதே முன்மொழிந்திருந்தது. யாரும் செவிசாய்க்கவில்லை.

மறுமொழி: நான்காம்டவுன்

முதல் கேள்விக்கு வருகிறேன். கிரிக்கெட் உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும், ஏனெனில் துரத்தி முடித்ததும் அங்கே ஆட்டம் தீர்ந்துவிடும். இங்கே இரு அணிகளும் சமமாக எடுத்தால் மூன்றாவது வாய்ப்பு முதலில் ஆடிய அணிக்கே வரும், அப்போது ஒரு ஃபீல்ட் கோலே போதும். ஷானஹன் சொன்ன காரணமும் அதுதான். அதோடு, முழுநேர ஆட்டத்தின் கடைசி மணித்துளிகளில் சீஃப்ஸை விரட்டிக் களைத்திருந்த தடுப்பாட்டக்காரர்களை உடனே மீண்டும் களத்தில் இறக்குவதும் எளிய முடிவல்ல. ஆகவே அவரை முட்டாள் என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள்.

ஆனால் தகவல் தெரிந்து ஆடுவதன் மதிப்பை அவர் குறைத்து எடைபோட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். சீஃப்ஸ் தன் பக்கத்து 34ஆவது கெஜக் கோட்டில் நான்காவது டவுனில் (10 கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி, தவறினால் பந்து எதிரணிக்கு) ஒரு கெஜம் தேவைப்பட்டு நின்றது. முதலில் ஆடியிருந்தால் அந்த இடத்தில் பெரும்பாலான பயிற்சியாளர்கள் பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுத்திருப்பார்கள். மூன்று புள்ளி பின்தங்கியிருந்ததால் சீஃப்ஸுக்குத் தயங்க இடமே இல்லை. மஹோம்ஸ் தானே பந்தோடு ஓடி 8 கெஜம் எடுத்தார். ஃபார்ட்டி நைனர்ஸோ எதிரணிப் பக்கத்து 9ஆவது கெஜக் கோட்டில் நான்காவது டவுனில் நான்கு கெஜம் தேவைப்பட்டபோது, எதிரணி என்ன எடுக்கும் என்று தெரியாமலேயே 27 கெஜ ஃபீல்ட் கோலுக்குச் சென்றது.

மறுமொழி: கெஜக்கோல்

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. ஓர் ஐயம் மட்டும் மிஞ்சுகிறது: முதல் அணி டச்டவுன் எடுத்து 7 புள்ளியோடு நின்று, இரண்டாவது அணியும் டச்டவுன் எடுத்தால், அது டச்டவுனுக்குப் பின் கிடைக்கும் ஒரு புள்ளி உதைக்குப் பதிலாக இரண்டு புள்ளி முயற்சிக்குச் சென்று ஆட்டத்தை அங்கேயே முடிக்கலாமல்லவா? அப்படியானால் ஷானஹன் கணக்கிட்ட மூன்றாவது வாய்ப்பு வராமலே போகலாம்.

மறுமொழி: நான்காம்டவுன்

ஆம், சீஃப்ஸின் திட்டமும் அதுவே என்று ஆட்டத்துக்குப் பிறகு அந்த அணி வீரர்கள் சொன்னார்கள். இந்த விதியைப் பற்றி முன்கூட்டியே பலமுறை பேசியிருந்ததாகவும் கூறினார்கள். மாறாக, பிளேஆஃபுக்கென்று தனி விதி இருப்பதே தங்களுக்குத் தெரியாது என்று ஃபார்ட்டி நைனர்ஸ் வீரர்கள் சிலர் ஒப்புக்கொண்டார்கள். டாஸில் எடுத்த முடிவைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.

மறுமொழி: பின்வரிசை

ஒரு சேர்க்கை. 2025இல் இரு அணிக்கும் பந்து கிடைக்கும் இதே உரிமை வழக்கமான பருவ ஆட்டங்களுக்கும் வந்துவிட்டது. ஆனால் அங்கே கூடுதல் நேரம் 10 நிமிடம்தான், அதற்குள் தீராவிட்டால் சமன். முதல் அணி கடிகாரத்தை மெதுவாகக் கரைத்தால், அங்கே மூன்றாவது வாய்ப்புக்கு நேரமே இருக்காது. பிளேஆஃபில் 15 நிமிடப் பகுதிகள் வெற்றியாளர் கிடைக்கும்வரை தொடர்வதால் அந்தக் கவலை இல்லை. ஷானஹனின் கணக்குக்குக் கொஞ்சமாவது இடமிருப்பது பிளேஆஃபில்தான். காற்று பலமாக வீசாத நாளில், பிளேஆஃப் என்றாலும் நான் பந்தை எதிரணிக்கே முதலில் கொடுப்பேன்.