மறு: ஃபைலோஜெனெடிக் சிக்னல்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> "இனவரலாற்றுச் சமிக்ஞை" போதுமே, எதற்குப் புதுச்சொல்?

வணக்கம் ஐயா. முன்பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. பின்பாதிதான் இடிக்கிறது. சமிக்ஞை என்றால் ஒருவர் காட்ட வேண்டும், இன்னொருவர் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே யாரும் எதையும் காட்டவில்லை. நெருங்கிய உறவுள்ள உயிரினங்கள், தூரத்து உறவு உயிரினங்களைவிட அதிகமாக ஒத்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

பரிணாம உயிரியலாளர் ஃபெல்சன்ஸ்டைன் 1985இல் காட்டிய படத்தை நினைத்துப் பாருங்கள். மொத்தம் 40 இனங்கள், 20 20ஆக இரண்டே உறவுக் கூட்டம். புள்ளிகளைக் குறித்துக் கோடு போட்டால் இரண்டு பண்புகளுக்கும் பலமான தொடர்பு தெரியும். கூட்டங்களைத் தனித்தனியே பார்த்தால் ஒன்றுமே இருக்காது. உறவுக்காரர்கள் ஒரே மாதிரி இருப்பதைத் தனித்தனிச் சான்றாக எண்ணிவிட்டோம், அவ்வளவுதான். அந்த ஒப்புமைக்குத்தான் பெயர் தேவை.

என் பரிந்துரை: கிளைச்சாயல். கிளை என்றால் மரக்கிளை, உறவினர் என்றும் பொருள் உண்டு. உயிரினங்களின் உறவை மரமாக வரைகிற துறைக்கு இதைவிடப் பொருத்தமாக அமையுமா தெரியவில்லை.

> குலச்சாயல் இன்னும் எளிதாகப் புரியுமே?

புரியும்தான். ஆனால் குலம் என்றதும் சாதிப் பேச்சு வந்து நிற்கும். பல்லிக்கு அந்தத் தலைவலி எதற்கு?

பல்லி என்றதும் கரீபியன் தீவுகளின் அனோல் வகைப் பல்லி நினைவுக்கு வருகிறது. கியூபாவிலும் ஜமைக்காவிலும் மெல்லிய சுள்ளிகளில் வாழும் அனோல்களுக்குக் கால் குட்டை. ஆனால் அவை நெருங்கிய உறவு அல்ல. ஒரே மாதிரி வாழிடம் தந்த ஒப்புமை அது. அதைக் கிளைச்சாயல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொல்லே தடுக்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

> ஆர் (R) என்ற புள்ளியியல் கணிமொழியின் பயிற்சிக் குறிப்பில் உட்காருமா?

உட்காரும். "ஃபைடூல்ஸ் தொகுப்பின் ஃபைலோசிக் ஆணை கிளைச்சாயலை அளக்கும். பேகலின் லாம்டா என்ற அளவு 0 என்றால் கிளைச்சாயல் இல்லை. 1 என்றால் பிரவுனிய இயக்கத்தில், அதாவது பண்பு கிளைநெடுகத் தற்செயலாக மாறினால், எதிர்பார்க்கும் அளவு." லாம்டாவையும் இன்னோர் அளவான ப்ளோம்பெர்க்கின் கே எழுத்தையும் அப்படியே விட்டுவிடலாம். கே 1ஐத் தாண்டவும் செய்யும் என்று மட்டும் ஒரு வரி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மாணவர்கள் ஏதோ பிழை என்று பயந்துவிடுவார்கள்.

அப்புறம், மரத்தில் கிளை பிரியும் நோடுக்குக் கணு, கிளை முடியும் டிப்புக்கு நுனி என்று எழுதி வருகிறேன். பாலிடமிக்குத்தான் சொல் சிக்கவில்லை: ஒரே கணுவிலிருந்து மூன்றோ அதற்கு மேலோ கிளைகள் பிரியும் இடம். யாரிடமாவது இருந்தால் இதே இழையில் போடுங்கள்.