தடுப்பூசி போட்ட குதிரைக்கு ஹெர்பிஸ் வருமா?

மேலூர் பக்கம் பந்தயக் குதிரை வைத்திருக்கிறேன். ஹெர்பிஸ் என்கிற வைரஸ் நோய்க்கு ஊசி போட்டும் மூன்று நாளாய் மூக்கு ஒழுகுகிறது, வைத்த கொள்ளு அப்படியே கிடக்கிறது. ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்க உடம்பு செய்கிற புரதம்) இருந்தால் போதாதா?

பதில்: போதாது அண்ணே. ஆன்டிபாடி செல்லுக்கு வெளியே திரிகிற வைரஸைத்தான் பிடிக்கும்; இந்த ஹெர்பிஸோ வெள்ளையணுவுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு உடம்பெல்லாம் சுற்றும். வைரஸ் புகுந்த செல் அதன் புரதத் துண்டைத் தன் மேற்பரப்பில் தூக்கிக் காட்டும், அதை அடையாளம் கண்டு அந்தச் செல்லையே கொல்வது டி செல் என்கிற ஒரு வகை வெள்ளையணு.

இன்னொரு பதில்: கொன்ற வைரஸில் செய்த ஊசி அந்த டி செல்லை அவ்வளவாகத் தூண்டாது. செல்லுக்குள் போய் அங்கேயே புரதம் தயாரிக்க வைக்கிற ஊசிதான் நன்றாகத் தூண்டும். குதிரை ஃப்ளூவுக்கு, அந்த ஃப்ளூ வைரஸின் மரபணுவைக் கேனரிபாக்ஸ் என்கிற பறவை அம்மை வைரஸில் ஏற்றிச் செய்த ஊசி அந்த வகை.

கேட்டவர்: அப்போ போட்டது வீணா?

பதில்: வீணில்லை, நோயின் வேகம் குறையும், மற்ற குதிரைக்குப் பரவுவதும் குறையும். முதலில் தனியாகக் கட்டுங்கள், தண்ணித்தொட்டியும் தனி. பின்னங்கால் தள்ளாடினால் ராத்திரி என்றும் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.