கோலாலம்பூரில் இலையுதிர் அசேலியா: துளிர் மஞ்சள், மொட்டே இல்லை. உதவி தேவை

செத்தாப்பாக் மாடித்தோட்டம்:
வணக்கம். செடி பீட்மாண்ட் அசேலியா, ரோடோடெண்ட்ரான் கனெசென்ஸ். விதையிலிருந்து வந்தது, வயது நான்கு, உயரம் முக்கால் மீட்டர். புதுத்துளிரில் நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் வெளிர்மஞ்சள். பழைய இலைகளின் நுனி கருகுகிறது. 30 செ.மீ. கறுப்புப் பிளாஸ்டிக் சாடி. தானா பாக்காரும் (சுட்ட மண்) கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) சரிபாதி. பிற்பகல் வெயில் படும் பால்கனி, தினமும் குழாய்த்தண்ணீர், மாதம் ஒரு மேசைக்கரண்டி 15-15-15 உரம். இலை கொட்டுவதே இல்லை, மொட்டும் இல்லை. உரம் போதவில்லையா?

வேர்க்கால்:
உரத்தை இப்போதே நிறுத்துங்கள். நீங்கள் சொல்வது இரும்புக் குறைபாட்டின் அடையாளம். பழைய இலையில் இருக்கும் இரும்பு துளிருக்கு நகராது, அதனால்தான் துளிர் முதலில் வெளுக்கிறது. சாடியில் இரும்பு இருக்கும். பிஎச், அதாவது மண்ணின் அமில-கார அளவு, ஏறினால் வேரால் அதை எடுக்க முடியாது. அசேலியாவுக்கு 4.5 முதல் 5.5 வரை வேண்டும். சுட்ட மண் பல நேரம் அதற்கு மேலேதான் நிற்கும். நுனிக்கருகல் உப்பின் வேலை: கழுவாத கோகோபீட், அதன்மேல் உரம்.

தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து, 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரை மேலாக ஊற்றி, அடியில் வடிவதைப் பிடித்துச் சோதியுங்கள். மீன்தொட்டிக் கடைத் தாள் பெரும்பாலும் 6-க்குக் கீழே காட்டாது. 4 முதல் 7 வரை காட்டும் தாள் வாங்குங்கள். அடித்தண்டின் பட்டையையும் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை என்றால் நலம். செம்பழுப்பு என்றால், அதிலும் மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால், பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமி தரும் வேரழுகல். அதற்கு வைத்தியம் வேறு.

செத்தாப்பாக் மாடித்தோட்டம்:
தாளில் கடைசி நிறமான 7 வந்துவிட்டது. பட்டை பச்சை. வேர்நுனி வெள்ளை.

வேர்க்கால்:
நல்லது, வேர் பிழைத்திருக்கிறது. சாடி மாற்றுங்கள். பொடி பைன்பட்டை 2 பங்கு, பீட்மாஸ் 1 பங்கு, பெர்லைட் (பொரித்த எரிமலைக்கல் துகள்) 1 பங்கு. ஆர்க்கிட் பட்டையின் பெரிய துண்டு வேண்டாம், 1 செ.மீ.க்குள் சலித்தது போதும். உமிக்கரி சேர்க்காதீர்கள், அது காரத்தன்மை உள்ளது, பிஎச்சை ஏற்றும். பழைய மண்ணை நீரில் அலசி எடுங்கள்; வேர் மயிரிழைபோல் மெல்லியது, இழுத்தால் அறுந்துவிடும். அகலமான, ஆழம் குறைந்த மண்சாடி நல்லது. வேர்க்கட்டியின் மேல்பாகம் புதுக்கலவையைவிட 2 செ.மீ. உயர்ந்தே நிற்கட்டும். தண்டைப் புதைப்பதுதான் இந்தச் செடிக்குப் பலரும் செய்யும் கெடுதல்.

பிறகு இடிடிஹெச்ஏ (EDDHA) வகை இரும்புக் கீலேட்டை (வேர் எடுக்கும் நிலையில் இரும்பைப் பிடித்து வைக்கும் சேர்மம்), உறையில் போட்ட அளவில் பாதி கரைத்து வேருக்கு ஊற்றுங்கள். மண்ணை அமிலமாக்க அலுமினியம் சல்பேட் வேண்டாம். சாடியில் தங்கி வேரைச் சுடும். மழைநீர் பிடித்து வையுங்கள். வெயில் காலை 10 மணி வரை போதும். வெளுத்த இலை முழுதாகத் தேறாது, அடுத்த துளிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கொடிமலை:
மொட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பினாங்கிலும் இதே கேள்விதான். இந்தச் செடியின் ஊர் அமெரிக்கத் தென்கிழக்கு, வட கரோலினாவிலிருந்து புளோரிடா, டெக்ஸாஸ் வரை. கோடையில் கிளைநுனியில் மொட்டு கட்டும், குளிர்காலத்தில் சில வாரம் உறங்கும், வசந்தத்தில் இலைக்கு முன்போ இலையோடோ பூக்கும். கோலாலம்பூரில் இரவிலும் 23 பாகையை ஒட்டித்தான் இருக்கிறது. உறக்கமே இல்லாத செடி ஒழுங்காகப் பூக்காது. எந்த உரமும் குளிருக்கு ஈடாகாது.

செத்தாப்பாக் மாடித்தோட்டம்:
குளிர்ப்பெட்டியில் இரண்டு மாதம் வைத்தால்?

கொடிமலை:
துளிர் விடும் செடியை இருட்டிலும் குளிரிலும் திடீரென்று அடைத்தால் அழுகும். சொந்த ஊரில் பகல் குறைந்து, குளிர் மெல்ல ஏறி, இலை உதிர்ந்த பின்தான் உறங்குகிறது. குளிர்ப்பெட்டியில் பழங்கள் விடும் எத்திலீன் வாயுவும் மொட்டைக் கெடுக்கும். கேமரன் மலையிலும் இரவு 15 பாகை அளவுதான், அதுவும் போதாது. இதை இலைக்காக வளர்ப்பதாக இருந்தால் வளருங்கள். பூ வேண்டுமானால் நம் நாட்டு ரோடோடெண்ட்ரான் லாங்கிஃப்ளோரம் தேடுங்கள். தாழ்நிலக் காட்டில் மரத்தின்மேல் ஒட்டி வளர்வது, குளிர் கேட்காது. காட்டிலிருந்து பிடுங்க வேண்டாம், நர்சரியில் வளர்த்த கன்றாக வாங்குங்கள். அந்தச் செடிக்கு, மேலே சொன்ன கலவையில் பீட்மாஸைப் பாதியாக்கி, பட்டையைக் கூட்டுங்கள்.