உருளையின் பின்பாய்வு: தனித்தனி வெட்டுமுகத்தில் வளரும் அலை முழுக் கணிப்பில் ஏன் அடங்குகிறது?

கேள்வி:
வட்ட உருளையைக் கடக்கும் இருபரிமாணப் பாய்வைக் கணித்து வருகிறேன். ரெனால்ட்ஸ் எண் (வேகம், விட்டம், பாகுநிலை மூன்றையும் இணைக்கும் பரிமாணமற்ற எண்) 30-இல், உருளைக்குப் பின்னால் எதிரோட்டம் உள்ள இடத்தின் திசைவேக வடிவத்தை எடுத்து, அதை இணைப்பாய்வாக (பாய்வின் திசையில் வடிவம் மாறாததாக) கொண்டு சோதித்தால் வளரும் அலைகள் கிடைக்கின்றன. ஆனால் முழுக் கணிப்பில் பாய்வைச் சற்றே கலைத்துவிட்டால், உயர்த்துவிசை வரைகோடு சில முறை ஆடி, பின் தட்டையாகிவிடுகிறது. 60-இல் அதே கலைப்பு நிற்காத ஆட்டமாக மாறுகிறது. பிழை எங்கே?

மறுமொழி 1:
பிழை இல்லை. அலை வளர்கிறதா என்பது ஒரு கேள்வி. வளர்ந்தபடியே கீழோட்டத்தில் அடித்துச் செல்லப்படுகிறதா, பிறந்த இடத்திலேயே தங்கி வளர்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் வகைப் பாய்வு வெளியிலிருந்து வரும் இரைச்சலைப் பெருக்க மட்டுமே செய்யும், இரண்டாம் வகை தானே ஊசலாடும். எதிரோட்டம் வலுத்தால் இரண்டாவது நிகழும்: ஹூயர், மாங்க்விட்ஸ் இருவரும் 1985-இல் காட்டியபடி, அதிபரவளையத் தான்ஜன்ட் வடிவக் கலப்படுக்கில் (வெவ்வேறு வேகமுள்ள இரு ஓட்டங்களுக்கு இடையிலான அடுக்கில்) எதிரோட்டத்தின் வேகம் முன்னோட்டத்தின் வேகத்தில் ஏறத்தாழ 13.6 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். உருளையின் பின்பாய்வில் இத்தகைய பகுதி ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 25-இலேயே தோன்றிவிடுகிறது. ஆனால் அது சிறியது. போதிய நீளம் பெற்று முழுப் பாய்வையும் ஆட்டுவிப்பது 47-ஐ ஒட்டித்தான். உங்கள் 30 இவ்விரண்டுக்கும் இடையில் விழுகிறது, அவ்வளவுதான்.

மறுமொழி 2:
இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீர்க்கால்வாயில் 60-ஐ ஒட்டிய எண்ணில் சாயக் கோடுகள் மாறிமாறிச் சுருண்டுகொண்டிருந்தன. உருளையின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள கம்பியை, மையக் கோட்டிலிருந்து ஒரு விட்டம் விலக்கி, சற்றுக் கீழோட்டத்தில் நிறுத்தினோம். சுழல்கள் மெல்ல மங்கி, சாயம் இரண்டு நேர்க் கோடுகளாக ஓடியது. ஸ்ட்ரைகோவ்ஸ்கியும் ஸ்ரீனிவாசனும் 1990-இல் விவரித்த விளைவு இதுவே. தானே ஆடும் மையம் உருளைக்கு மிக அருகில் இருப்பதால்தான் அவ்வளவு மெல்லிய கம்பிக்கு அது கட்டுப்படுகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ரெனால்ட்ஸ் எண் 100-இல் நிலையான (நேரத்தால் மாறாத) பாய்வைச் சுற்றி, சிறு கலைப்புகள் வளருமா என்று பார்க்கும் நேரியல் பகுப்பாய்வு செய்தால் ஸ்ட்ரூஹல் எண் (விட்டம், வேகம் கொண்டு பரிமாணமற்றதாக்கிய ஆட்ட அலைவெண்) 0.12-க்கு அருகில் வருகிறது. முழுக் கணிப்பிலோ 0.165. இதுவும் பிழையில்லையா?

மறுமொழி 1:
இல்லை. வளர்ந்துவிட்ட சுழல்கள் பாய்வையே மாற்றி, எதிரோட்டப் பகுதியைக் குறுக்கிவிடுகின்றன; நீங்கள் சோதித்த நிலையான பாய்வு அப்போது அங்கே இல்லை. நேரச் சராசரிப் பாய்வை எடுத்து அதே பகுப்பாய்வைச் செய்யுங்கள். அலைவெண் 0.165-ஐ ஒட்டி வரும், வளர்வீதம் ஏறத்தாழச் சுழியாகும். பார்க்லி இதை 2006-இல் விரிவாகக் காட்டினார். சராசரி எடுக்கும்போது தொடக்க நிலைமாற்றக் காலத்தைச் சேர்த்துவிடாதீர்கள்.