அம்பாசடர் மார்க் 4: 60-ல் ஓட்டினால் சூடு ஏறுது. ரேடியேட்டரா, தெர்மோஸ்டாட்டா?

வளவு வண்டி:
காரைக்குடி. 1986 மாடல், பெட்ரோல், 1489 சிசி. படைப்பு (முன்னோருக்குப் படையல்), கல்யாணம்னு ஆட்கள் ஊருக்கு வரும்போதுதான் ஓடும். மத்த நாள் எல்லாம் ஷெட்டில் நிக்கும். ஊருக்குள்ள டெம்பரேச்சர் முள் நடுவிலயே இருக்கு. திருப்பத்தூர் ரோட்டில் 60-ஐத் தொட்டா, குன்றக்குடி தாண்டுறதுக்குள்ள கடைசி வரைக்கும் ஏறிடுது. ரேடியேட்டர் தண்ணி செம்மண் கரைச்ச மாதிரி இருக்கு. இதுவரை ஊத்தினது போர் தண்ணி. தெர்மோஸ்டாட்டை (தண்ணி சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடுற வால்வு) கழட்டிப் போடச் சொல்றார் ஒரு மெக்கானிக், புது ரேடியேட்டர் வாங்கச் சொல்றார் இன்னொருத்தர். வீட்டிலேயே எதுவரைக்கும் பார்க்கலாம்?

ஸ்பானர் 7/16:
தம்பி, எப்போ ஏறுதுங்கிறதுலயே பாதி பதில் இருக்கு. நெரிசல்ல ஏறி, ஓடும்போது இறங்கினா காத்துக் குறை: ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் இடுக்கில் அடைஞ்ச தூசி. உங்களுக்கு ஓடும்போது ஏறுது. அப்போ தண்ணி ஓட்டம் பத்தலை. காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் குழாய்க்குள்ள பொருக்கு, அதாவது படிஞ்சு கெட்டியான சுண்ணாம்பும் துருவும். அதுக்கு முன்னாடி கீழ் ஹோஸைப் பாருங்க. பழசாகித் தொளதொளத்த ஹோஸ், ரேஸ் கொடுக்கும்போது பம்ப் இழுக்கிற இழுப்பில் உள்வாங்கித் தண்ணியை அடைச்சிடும். பானட்டைத் திறந்து வச்சு ரேஸ் கொடுத்தா கண்ணுக்கே தெரியும். இது ஹோஸ் விலையோட முடியுற வேலை.

ஹோஸ் நல்லா இருந்தா, இன்ஜின் முழுசா ஆறினதும் ரேடியேட்டர் டேப், பிளாக் (இன்ஜின் உடம்பு) டேப் ரெண்டையும் திறங்க. பிளாக் டேப்பைத் திறந்தும் சொட்டு வரலைன்னா அங்கே சேறு கெட்டியாகி அடைச்சிருக்கு. டேப்பையே கழட்டிட்டுக் கம்பி விட்டுக் குத்துங்க. அங்கே சேறு இருக்கிற வரைக்கும் புது ரேடியேட்டர் போட்டும் பிரயோஜனம் இல்லை, அதே சேறு அதுக்குள்ளயும் போய் உட்காரும். வடியுற தண்ணியை அளந்து வச்சுக்குங்க.

அப்புறம் ரேடியேட்டரைத் தனியா இறக்கித் தலைகீழா வச்சு, கீழ் வாயில் தண்ணிக் குழாயைச் சொருகி எதிர்த்திசையில் அடிங்க. பிளாக்கையும் தனியா அடிக்கணும். ரெண்டும் சேர்ந்திருக்கும்போது அடிச்சா, பிளாக் சேறு முழுக்க ரேடியேட்டர் குழாய்க்குப் போயிடும்.

பொருக்குக் கரைக்க மளிகைக் கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போதும். லிட்டருக்கு 25 கிராம். வடிஞ்சது 8 லிட்டர்னா 200 கிராம். தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டு, மேல் ஹோஸின் ரேடியேட்டர் முனையில் ஒரு நைலான் காலுறைத் துண்டை வடிகட்டியா மாட்டுங்க, உதிர்ற துரு அதில் நிக்கும். முள்ளில் கண் வச்சு, இன்ஜினை 20 நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு ஆறவச்சு வடிங்க. அடுத்து லிட்டருக்கு 10 கிராம் சலவை சோடா போட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டினா மிச்ச அமிலம் முறியும். பிறகு தெளியுற வரைக்கும் நல்ல தண்ணி. பாத்ரூம் கழுவுற ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம், பித்தளையையும் ஈயப்பற்றையும் தின்னுடும்.

இதுக்கப்புறமும் ஏறினா ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கைப் பிரிச்சு, குழாய்க்குள்ள ராடு விட்டுக் குத்திச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. பழைய பித்தளை ரேடியேட்டரை அவ்வளவு சீக்கிரம் தூக்கிப் போடாதீங்க. இன்னொண்ணு: பொருக்கு போனதும் கோர் பிளக் (பிளாக்கோட ஓட்டையை அடைச்சிருக்கிற தகட்டு மூடி) கசியலாம். துருதான் அதுவரை அடைச்சிட்டு இருந்திருக்கும். பிளக்கை மாத்துங்க, பவுடர் போட்டு அடைக்காதீங்க.

தேவகோட்டை ரோடு:
தெர்மோஸ்டாட்டை நிரந்தரமாக் கழட்டுறதுல எனக்கு உடன்பாடே இல்லை. இன்ஜின் சூடாக நேரமாகும், அதுவரை பெட்ரோல் கூடப் போகும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடாகும். அதைச் சோதிக்க அடுப்படி போதும்: நூலில் கட்டித் தண்ணிப் பாத்திரத்தில், அடி தொடாமல் தொங்கவிட்டுக் காய்ச்சுங்க. 82 டிகிரின்னு பொறிச்சிருந்தா அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, கொதிக்கும்போது முழுசாத் திறந்திருக்கணும். இல்லைன்னா புதுசு போடுங்க.

ஹெட் கேஸ்கெட்டையும் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற தகடு) பார்த்துடுங்க. ஆறின இன்ஜின், ஃபேன் பெல்ட் கழட்டி, ரேடியேட்டர் விளிம்பு வரை தண்ணி, மூடி இல்லாமல் ஸ்டார்ட். ஒரு நிமிஷத்துக்கு மேல ஓட்டாதீங்க. குமிழி தொடர்ந்து வந்தா சிலிண்டர் கம்ப்ரஷன் காத்து தண்ணிக்குள்ள கசியுது, கழுவி எல்லாம் சரியாகாது.

பலரும் விட்டுடுறது டைமிங், அதாவது ஸ்பார்க் அடிக்கிற நேரம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற கான்டாக்ட் பாயிண்டோட ஹீல் தேயத் தேய இடைவெளி குறையும், ஸ்பார்க் பிந்தும், சூடு ஏறும். ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கிற தகடு) 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. வச்சுட்டு டைமிங்கைச் சரிபாருங்க. பெல்ட்டை நீளமான பக்கத்தின் நடுவில் அமுக்கினா அரை அங்குலம் இறங்கணும். அதுக்கு மேல இறுக்கினா பம்ப் பேரிங் போயிடும்.

வளவு வண்டி:
நன்றிண்ணே. கீழ் ஹோஸ் ரேஸ்ல உள்வாங்குது, பிளாக் டேப்பில் சொட்டு வரலை. ரெண்டு வேலையும் இருக்கு. முற்றத்தில் அண்டாவில் பிடிச்ச மழைத்தண்ணி இருக்கு, அதை ஊத்தலாமா?

ஸ்பானர் 7/16:
கழுவுறதுக்குத் தாராளமா. சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட இல்லாததால பொருக்குக் கட்டாது. முதல் மழைத் தண்ணியில ஓட்டுக்கூரைத் தூசி இருக்கும், அது வேண்டாம். மத்ததை வெள்ளை வேட்டியில் வடிகட்டுங்க. கடைசியா நிரப்ப மட்டும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. ரெண்டு பங்கு தண்ணி, ஒரு பங்கு கூலன்ட். நம்ம ஊரில் தண்ணி உறையப் போறதில்லை, ஆனா துருத் தடுக்குற மருந்து அதுலதான் இருக்கு. நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க, செம்பு, பித்தளை, ஈயப்பற்றுக்கு ஆகும்னு லேபிள்ல இருக்கணும். புது ஹோஸை உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதாக் கேளுங்க. ஷெட்டில் வெறுமனே ஸ்டார்ட் பண்ணி அணைக்கிறதை விட, மாசம் ஒருமுறை பிள்ளையார்பட்டி வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. பிரேக் வீல் சிலிண்டரும் இறுகாது.

தேவகோட்டை ரோடு:
பெட்ரோல் ஹோஸையும் சேர்த்து மாத்திடுங்க தம்பி. இப்போ பெட்ரோல் பங்கில் வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் அதுக்குத் தாங்காது, பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் (உள்ளே இருக்கிற சவ்வு) அப்படித்தான். டேங்க்கில் பாதியோட மாசக்கணக்கில் நிறுத்தினா எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணியோட சேர்ந்து அடியில் தங்கும்.


வளவு வண்டி:
ஹோஸ் ரெண்டுக்கும் சொல்லியாச்சுண்ணே. சனிக்கிழமை ரேடியேட்டரை இறக்குறேன்.